பீரோக் கதவில் ஒரு யுகுலேலே

என் சலூனின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் நாள் முழுக்க மரத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். நாற்காலியில் புதிதாக வந்து உட்காருகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள்.

"உள்ள யாருங்க, கதவத் தட்டிக்கிட்டே இருக்காங்க? தெறந்து விடக் கூடாதா?"

"அவரு வீட்டுக்குள்ளதான் இருக்காரு. தலைய ஆட்டாதீங்க, காது போயிரும்" என்பேன்.

தெருவில் அவருக்குத் தட்டுக்காரர் என்று பெயர். காய்கறிக் கடையில் பூசணிக்காயைத் தட்டுவார். பஸ்ஸில் ஜன்னல் சட்டத்தைத் தட்டுவார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட, உட்காரச் சொன்ன பெஞ்சை விரலை மடக்கித் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். நான் கடை திறந்த அன்று உள்ளே வந்தவர், வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் என் கண்ணாடிச் சட்டத்தைத் தட்டினார்.

"தேக்குன்னு சொல்லி வித்தானா தம்பி?"

"ஆமாண்ணே."

"பிளைவுட்டு. பரவாயில்ல, கண்ணாடி நல்லாத்தான் இருக்கு."

முதல் நாளே மானத்தை வாங்கிவிட்டார். அன்று மத்தியானம் அவர் மனைவி ஒரு கிண்ணத்தில் சோறும் பருப்பும் போட்டு, மேலே ஒரு அவித்த முட்டையை வைத்துக் கொண்டுவந்தார். "கடை தெறந்த அன்னைக்குப் பட்டினி கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணி, இவர் அண்ணன். தனிக்கட்டையான எனக்கு ஒரு குடும்பம் இப்படிச் சுவரோடு சேர்த்து வாடகைக்குக் கிடைத்தது. இதற்கெல்லாம் எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியாது, முடி வெட்டத்தான் தெரியும். அந்த வீட்டுத் தலைகளுக்கு இன்றுவரை நான் கூலி வாங்கியதில்லை.

அண்ணன் செய்வது யுகுலேலே. கிதாருக்குத் தங்கச்சி என்று சொல்லலாம். நாலு தந்தி, கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் அளவு. பின்கட்டில் ஒரு நீளமான அறைதான் பட்டறை. அதை ஒட்டிச் சமையல்கட்டு. இரண்டுக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன முற்றம், அதில் துணி காயப்போட அவர்களுக்கு ஒரு கொடி, எனக்கு ஒரு கொடி. பட்டறையில் சுவரெல்லாம் பலகைகள் சாய்த்திருக்கும். மெல்லிசான பட்டையை நனைத்து, கொதிக்கிற இரும்புக் குழாயில் வைத்து அழுத்தி இடுப்பு வளைவை எடுப்பார். அப்போது எழும் ஆவியில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு வாசனை. ஓரங்களில் உள்பக்கம் ஒட்டுகிற சட்டம் காயும்வரை அதைப் பிடித்துக்கொள்ளத் துணி கிளிப்புகள்தான் வேண்டும். அதற்கு அண்ணியின் கொடி போதாதென்று என் கொடியிலும் கை வைப்பார். காற்றடித்தால் என் கடைத் துண்டுகள் தெருவில் ஓடும், பின்னால் நான் ஓடுவேன்.

"அண்ணே, என் கிளிப்பு!"

"பசை காயட்டும் தம்பி. நாளைக்குத் தரேன்."

அந்த நாளை இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு அங்கேதான். சாப்பிட்டு முடித்ததும் அந்த வீட்டில் ஒரு விளையாட்டு உண்டு. அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மகள் பின்னால் நின்றுகொண்டு, மாட்டியிருக்கும் யுகுலேலேக்களில் ஏதோ ஒன்றை எடுத்து வாசிப்பாள். என்ன மரம் என்று அவர் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது அவர் பொறுப்பு. அவர் கையில் சோப்பு நுரை பட்டு நான் பார்த்ததே இல்லை.

எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. ஒருநாள் அப்படிச் சொல்லியும் விட்டேன். அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வையில், இவனுக்கு இனிமேல் சோறு போடலாமா என்ற யோசனை இருந்தது.

"தம்பி, இப்படி உக்காரு. முன்பக்கப் பலகையத்தான் முகம்னு சொல்றது. இதுக்கு முகம் ஸ்புரூஸ் மரம். எப்படிக் கூப்பிடுது பாரு, தெருமுனைல இருக்கறவன் திரும்புவான். ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக் கேக்கும். இப்ப இது தேவதாரு. சும்மா தொட்டாலே போதும், பேசிரும். அழுத்தி வாசிச்சா அதுக்குப் பிடிக்காது. இது மாமரம். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி, யாரோடயும் சண்டைக்கு வராது. இதுக்கு முதுகு ஈட்டி மரம். நம்ம வாசிச்சு நிறுத்துன பிறகும் ஓரமா முனகிக்கிட்டே இருக்கும், கேக்குதா?"

"அண்ணி மாதிரி" என்றேன்.

"சோறு வேணுமா வேண்டாமா உனக்கு?" என்றார் அண்ணி உள்ளேயிருந்து.

"மகோகனி?" என்று பேச்சை மாற்றினேன்.

"அது பக்கத்துல உக்காந்து பேசுற மரம். சத்தம் போடாது. பாடுறவங்க குரலுக்குக் கீழ பாய விரிச்சுக் குடுத்துட்டு ஒதுங்கிக்கும்."

அவர் மகள் கேட்டதும் மகோகனிதான். அவள் மழலையர் வகுப்பு ஆசிரியை. வெளியூரில் ஒரு பள்ளியில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. மழைக்காலம் முடிந்ததும் கிளம்ப வேண்டும். போகும்போது அப்பா கையால் செய்த ஒன்றைக் கொண்டுபோக ஆசைப்பட்டாள்.

"ஸ்புரூஸ்ல செஞ்சு தரேன்டி. வகுப்பு முழுக்கக் கேக்கும்."

"வேண்டாம்ப்பா. புள்ளைங்க குரலே கீச்சு கீச்சுன்னு மேலதான் இருக்கும். இதுவும் அங்கயே போய் நின்னா அவங்க கத்துவாங்க. நான் கீழ இருக்கணும், அவங்க மேல பாடணும். மகோகனிதான் வேணும்."

அண்ணி எழுந்து போய், கட்டிலுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த பழைய பீரோக் கதவை இழுத்துக்கொண்டு வந்தார். அது அவர் பிறந்த வீட்டு பீரோ. கூரை ஒழுகி மற்றதெல்லாம் உளுத்துப்போய், இந்த ஒரு கதவுதான் மிஞ்சியிருந்தது. வருஷக்கணக்காகக் காய்ந்த மகோகனி. ஆனால் அதிலும் பாதிக்கு மேல் பூச்சி அரித்திருந்தது. அண்ணன் தட்டிப் பார்த்து, பென்சிலால் கோடு போட்டு, தள்ள வேண்டியதைத் தள்ளினார்.

"நல்ல இடம் ஒண்ணே ஒண்ணுக்குத்தான் வரும். ஒரு முகம், ஒரு முதுகு, ரெண்டு பக்கம். கெடுத்தா இன்னொரு கதவு கெடையாது."

"கெடுக்காதீங்க" என்றார் அண்ணி.

மழை பிடித்துக்கொண்டது. கதவை அறுத்து, முகப்பலகைக்கான இரண்டு துண்டுகளையும் புத்தகம் போல விரித்து ஒட்டியாயிற்று. முதுகு முடிந்தது, பக்கங்களும் வளைத்தாயிற்று. மிச்சம் இருந்தது முகப்பலகையை இழைத்து மெல்லிசாக்குவதுதான். சத்தம் பிறக்கிற இடம் அதுதான் என்பார் அண்ணன். தடிமனாக இருந்தால் தட்டும்போது வாயை மூடிக்கொண்டு 'டொக்' என்னும். இழைக்க இழைக்க ஒரு கட்டத்தில் 'டோங்' என்று திறக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பலகை தளர்ந்துவிடும், தந்தியின் இழுப்பைத் தாங்காது. இழைத்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

"காத்துல ஈரம்" என்று சொல்லி, முகப்பலகையைத் தொடாமல் வைத்திருந்தார். "எதத் தட்டுனாலும் மண்ணாங்கட்டி மாதிரி இருக்கு. வெயில் வரட்டும்."

அந்த மழையில்தான் ஒரு நாள், ஓட்டலில் பாடுகிற ஒருவர் பிளாஸ்டிக் பையில் சுற்றிய யுகுலேலேயோடு வந்தார். மழைக்கு முன்னால் அண்ணன் செய்து கொடுத்தது. தந்தி கட்டியிருக்கும் கட்டைக்கு முன்னால் முகப்பலகை பள்ளம் விழுந்திருந்தது, பின்னால் வீங்கியிருந்தது.

"வாங்குனப்போ பெரிய சத்தம் போட்டுச்சு. இப்ப தகர டப்பாவத் தட்டுற மாதிரி இருக்கு" என்றார்.

அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரம் சரியில்ல. இந்த வாட்டி வந்த லோடே சரியில்ல. வேற செஞ்சு தரேன்" என்றார். வந்தவர் நல்ல மனுஷன், டீ குடித்துவிட்டுப் போனார். நானும் நம்பினேன். கத்தரி சரியில்லை என்று நானும் எத்தனையோ தலைக்குச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் அண்ணன் முடிவெட்ட வந்தார். மழைக்கால ஈரத்தில் கடை முழுக்கக் கொசு. ஒன்று வந்து அவர் காதை வட்டமிட்டது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அந்த 'ஙொய்' பல்லில் கூசியது. காது மடலை ஒட்டிச் சுற்றியது, எதிர்க்காதுக்குப் போனது, திரும்ப வந்தது. அண்ணன் சாவகாசமாக எனக்கு ஈட்டி மரத்தின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கொசு கழுத்தில் உட்கார்ந்து கடித்த பிறகுதான் பட்டென்று அடித்தார்.

"சத்தமில்லாம வருது பாரு சனியன்" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது.

மறுநாள் அண்ணன் பசை வாங்கக் கடைவீதிக்குப் போன நேரம் பார்த்துச் சமையல்கட்டு வாசலில் போய் நின்றேன். அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"உன் கிளிப்புதானே? நான் என்ன செய்ய, அவரக் கேளு."

"கிளிப்பு இல்ல. அண்ணனுக்குக் காது..."

கத்தி நின்றது. அண்ணி என்னைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படி?"

"சோறு ஆறிப்போச்சு."

எனக்குப் புரியவில்லை. அண்ணி ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்துக்கொண்டே சொன்னார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னுதானே சமைக்கிறேன். அவரு இழைச்சு இழைச்சுத் தட்டுவாரு. எனக்கு மரம் கிரம் ஒண்ணும் தெரியாது. ஆனா அந்தச் சத்தம் ஒரு மாதிரி வாயத் தெறக்கும். அது கேட்டா இழைப்புளிய வெச்சுட்டாருன்னு அர்த்தம், கை கழுவிட்டு வந்துருவாரு. அது கேட்டதுந்தான் நான் தட்டு வைப்பேன். ஒரு நாளும் தப்புனதில்ல. மழைக்கு முன்னாடி ஒரு நாள் சத்தம் கேட்டுச்சு, தட்டுல சோறப் போட்டேன். ஆளு வரல. போய்ப் பாத்தா இன்னும் இழைச்சுக்கிட்டு நிக்கிறாரு. 'இன்னும் தெறக்கல'ங்கறாரு. எனக்குத் தெறந்து கேட்டுச்சே! அப்புறம் தினமும் அப்படித்தான். ஆறுன சோறத்தான் தின்னாரு மனுஷன்."

"அப்ப ஞாயித்துக்கிழமை விளையாட்டு? அதுல எல்லாம் சரியாத்தானே சொல்றாரு?"

"எங்க சரியாச் சொல்றாரு? நானும் அவளும் சரின்னு சொல்றோம்."

முதல் முறை அவர் ஸ்புரூஸை மகோகனி என்று சொன்னபோது மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அண்ணன் திரும்பிய முகத்தை அண்ணி பார்த்தாராம். வாயில் முந்திக்கொண்டு வந்தது 'சரிதான்' என்ற வார்த்தை. அதற்கப்புறம் அதை நிறுத்த வழி தெரியவில்லை. வாராவாரம் சரி, சரி. அந்த மனுஷன் தன் காது பழைய காதுதான் என்று நம்பி, திறக்காத மரத்தையெல்லாம் திறக்கவைக்க இழைத்துக்கொண்டே போனார். நானும் அங்கே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். எனக்குத்தான் மகோகனியும் தெரியாது, மண்ணும் தெரியாதே.

"சொல்லிருங்க அண்ணி."

"நீ சொல்றியா?"

"நானா?" என்று ஒரு அடி பின்னால் வைத்தேன்.

"பாத்தியா? எல்லாருக்கும் வாய்தான்." அண்ணி கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "வெயில் வந்தா அந்தக் கதவ எடுத்து இழைக்க ஆரம்பிச்சுருவாரு. அவருக்கு அது வாயே தெறக்காது. ஓட்டை விழற வரைக்கும் இழைப்பாரு. கதவு போனாப் போவட்டும். அது போன அன்னைக்கு மகளுக்குச் செஞ்சதக் கெடுத்தோமேன்னு அதோட இழைப்புளியத் தூக்கிப் போட்டுருவாரு. அப்புறம் அவர நான் எந்தப் பக்கம் வெச்சுப் பாக்கறது?"

எல்லோரும் மழை விடக் காத்திருந்த ஊரில், அண்ணி மட்டும் அது இன்னும் நாலு நாள் பெய்யட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

மழை யார் பேச்சைக் கேட்டது? சனிக்கிழமை வானம் வெளுத்தது. ஞாயிறு காலையில் பளீரென்று வெயில், முற்றத்துக் கொடியில் அந்த வீட்டுத் துணி மொத்தமும் கிளிப்பு இல்லாமல் தொங்கியது. அண்ணன் முகப்பலகையை வெயில் படாத இடத்தில் காற்றாட வைத்து, இழைப்புளியின் தகட்டைத் தீட்டினார். "நாளைக்குக் காலைல ஆரம்பிச்சுரலாம்" என்றார். சாப்பாட்டில் பொரித்த மீன் இருந்தது. யாரும் ருசித்துச் சாப்பிடவில்லை, அண்ணனைத் தவிர.

விளையாட்டு ஆரம்பித்தது. அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடினார். மகள் ஒன்றை எடுத்து வாசித்தாள். எனக்கே தெரிந்தது, தெருமுனை வரை கூப்பிடுகிற அதே சத்தம்.

"மகோகனி" என்றார் அண்ணன், பல்லைக் குத்திக்கொண்டே.

"சரிப்..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"இல்ல" என்றார் அண்ணி.

அந்த வீட்டில் அவ்வளவு சின்னச் சொல் அவ்வளவு பெரிதாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு வாட்டி வாசி."

வாசித்தாள்.

"மகோகனிதானே?"

"இல்லைங்க. ஸ்புரூஸ்."

"வேற எடு."

வேறு எடுத்தாள். அவர் மாமரம் என்றார். "இல்ல, தேவதாரு" என்றார் அண்ணி. அடுத்ததற்கு அவர் வெகுநேரம் யோசித்தார். தலையைச் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். கடைசியில் எழுந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார், என் தட்டையும் சேர்த்து. சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தார்.

மகள் யுகுலேலேயை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பாத்திரம் கழுவிப் பழக்கமில்லாத கை, தட்டின் மேல் தட்டு விழுந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவிலிருந்து அவர் குரல் வந்தது.

"எவ்வளவு நாளா?"

"மழைக்கு முன்னாடிலேர்ந்து."

"ஓட்டல்காரரோடது?"

"அதுவுந்தான்."

கடைசித் தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

திங்கட்கிழமை பட்டறையில் தட்டும் சத்தம் இல்லை. கடை திறந்ததும் அண்ணன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். போன வாரம் வெட்டிய தலை, வெட்ட அங்கே முடியே இல்லை. நான் துண்டைப் போர்த்தி, சீப்பை எடுத்து, காற்றை வெட்டினேன்.

"கூட்டு சேந்து ஏமாத்திட்டாங்க தம்பி."

"ம்."

"பெத்த பொண்ணும் சேந்துக்கிட்டா. நான் என்ன கொழந்தையா, சரி சரின்னு தட்டிக் குடுக்க?"

"அண்ணே, நான் இத்தன வருஷமா உங்க தலையச் சொரண்டுறேன். ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் எறங்கும். அண்ணி என்னைக்காவது நல்லா இல்லைன்னு சொல்லியிருக்காங்களா?"

"நல்லா இல்லியா?"

"கண்ணாடியப் பாருங்க."

பார்த்தார். வலப்பக்கம் கிருதா ஏறித்தான் இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. துண்டாலேயே துடைத்துக்கொண்டார்.

"பயமா இருக்கு தம்பி. கை இருக்கு, கண்ணு இருக்கு. மரம் மட்டும் எங்கிட்டப் பேச மாட்டேங்குது. அது பேசாம நான் என்னத்தச் செய்யறது?"

 கழுத்தில் பவுடர் போட்டு அனுப்பினேன்.

அந்த வாரமே மூன்று பேருமாகக் காது டாக்டரிடம் போனார்கள். கூர்மையான ஓசைகள் மட்டும் போய்விட்டன, பேச்சு கேட்பதால் யாருக்கும் தெரியவில்லை என்றாராம் டாக்டர். காதில் ஒரு மிஷின் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு வந்த அண்ணன், பேப்பரைப் புரட்டினால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி இருக்கிறது என்றார், கொசு இவ்வளவு கேவலமாகப் பாடுமா என்றார். பட்டறைக்குள் போய் மரத்தைத் தட்டிவிட்டு மிஷினைக் கழற்றி வைத்தார்.

"எல்லா மரமும் தகரமா இருக்கு. பழகுறதுக்கு மாசக்கணக்குல ஆகும்னாரு."

மகள் கிளம்ப மாசக்கணக்கில் நேரம் இல்லை.

"எனக்கு அவசரமில்லப்பா. அடுத்த லீவுக்கு வந்து எடுத்துக்கறேன்" என்றாள் மகள்.

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தார்.

"நீ கேட்டேன்னு சொன்னியே, சுவருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து. வா. பக்கத்துல நில்லு. நான் தட்டுறேன், நீ சொல்லு."

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்து நின்றார். அவர் தட்டினார். அண்ணி விழித்தார். வேறொரு பலகையைத் தட்டினார். அண்ணி கையை விரித்தார்.

"தெரியலைங்க. இங்க நின்னா எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது."

"பின்ன அன்னைக்கு..."

"அது சமையல்கட்டுல. அங்க நின்னுதானே கேட்டுப் பழகுனேன்? அடுப்பு எரியணும், கையில ஒரு வேலை இருக்கணும். அப்பத்தான் எனக்குக் கேக்கும்."

அண்ணன் இழைப்புளியைக் கையில் எடுத்தார்.

"அப்பப் போய் உலைய வை" என்றார்.

எனக்கு அன்றைக்குக் கடையில் கை ஓடவில்லை. பாதிக் கன்னம் மழித்த ஆளை அப்படியே விட்டுவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். அவரும் நுரையோடு பின்னாலேயே வந்து நின்றுகொண்டார். மகள் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் முகப்பலகையை மேஜையில் பொருத்தி, இழைப்புளியைத் தள்ளினார். சீவல் சுருண்டு விழுந்தது. மகோகனியின் சிவப்பு, உள்ளே போகப் போக வெளுத்து வந்தது. எடுத்து, ஒரு ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, கட்டை விரலின் முட்டியால் தட்டினார். டொக். காதருகில் கொண்டுபோய்த் தட்டினார். டொக். திரும்பப் பொருத்தினார். சமையல்கட்டில் அண்ணி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். எண்ணெயில் விழும் சத்தம் கேட்டது. இழைத்தார், தட்டினார். அண்ணியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இழைத்தார், தட்டினார். உலை கொதித்து மூடி ஆடியது. அண்ணன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மண்ணாங்கட்டி" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. "சுத்தமாச் செத்துக் கெடக்கு."

இழைத்தார், தட்டினார். எனக்கு ஏதோ வித்தியாசம் தெரிந்த மாதிரி இருந்தது. ஆசையில் கேட்டதோ என்னவோ. மகளும் தலையை நிமிர்த்தினாள். அண்ணன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பலகையைத் திரும்பப் பொருத்தி, இழைப்புளியை விளிம்பில் வைத்து, தோளைக் கொடுத்துத் தள்ளப் போனார்.

"சாப்பிட வாங்க."

குரல் சாதாரணமாகத்தான் வந்தது, தினமும் வருகிற மாதிரி.

அண்ணன் அப்படியே நின்றார்.  எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இது இன்னும் வாயே தெறக்கல" என்றார். "எனக்கு ஒண்ணுமே கேக்கல."

மகள் தரையைப் பார்த்தாள். நான் என் கையிலிருந்த சவரக்கத்தியைப் பார்த்தேன். யாரும் அவருக்கு உதவ முடியாத இடம் அது. இன்னும் ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் நான் போய்க் கையைப் பிடித்துவிடுவதென்று நினைத்துக்கொண்டேன். அதற்கு அவசியம் வரவில்லை. அண்ணன் இழைப்புளியைத் தூக்கி, தகடு மழுங்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்தார். பலகையின் மேலிருந்த தூளை வாயால் ஊதினார். முற்றத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தட்டில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. அண்ணி கரண்டியோடு நின்றிருந்தார்.

"சரியாத்தானே கூப்புட்டேன்?" என்றார் மெதுவாக.

"எனக்கு எப்படித் தெரியும்? நீதான் சொல்லணும்" என்றார் அண்ணன். சோற்றைப் பிசைந்தார். "சூடா இருக்கு" என்றார்.

மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் தந்தி கட்டினார்கள். தந்தி முதலில் நீண்டு கொடுத்துக்கொண்டே இருந்தது, அவளும் முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மிஷின் காதில் இல்லை, சட்டைப் பையில் இருந்தது. மகள் வாசித்தாள். வகுப்பில் குழந்தைகளோடு பாடுகிற ஒரு சின்னப் பாட்டைப் பாடினாள். அவள் குரல் ஒன்றும் பெரிய குரல் இல்லை. ஆனால் அன்றைக்கு அது ஒரு சொல்கூடச் சிதறாமல் என்னிடம் வந்தது.

"என்ன மரம்ப்பா?"

முன்பெல்லாம் பாட்டு முடிவதற்குள் சொல்லிவிடுவார். இப்போது அவசரமே படவில்லை.

"தெரியலம்மா" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீ சொல்லு."

"எங்க வீட்டுக் கதவுங்க" என்றார் அண்ணி.

"எப்படி இருக்கு?"

 இனி அந்த வீட்டில் சும்மா ஒரு 'நல்லாருக்கு' செல்லாது என்று அண்ணிக்குத் தெரியும்.

"அவ பாடுறப்ப வழி விடுது. பாட்டு நின்னதும், போகாம கொஞ்ச நேரம் கூடவே இருக்கு."

அண்ணன் கண்ணைத் திறந்தார். எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ரொம்ப நன்றி" என்றார்.

அண்ணிக்குக் காது சிவந்துவிட்டது. "மேடையா இது? பொண்டாட்டிக்கு யாராவது நன்றி சொல்லுவாங்களா? போங்க, பாத்திரம் கெடக்கு. தோத்துட்டீங்கல்ல?"

அவர் போய்க் கழுவினார். இந்த முறை தட்டு விழவில்லை.

ஓட்டல்காரருக்கு வேறு யுகுலேலே போனது. இந்த வருஷ மழைக்கு அது பள்ளம் விழவில்லை என்று அவரே வந்து சொல்லி, முடியும் வெட்டிக்கொண்டு போனார். மகள் போன ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வாசித்துக் காட்டுகிறாள். கதவு இப்போது முன்னைவிட நன்றாகப் பேசுவதாக அண்ணி சொல்கிறார், வாசிக்க வாசிக்கப் பழகிக்கொள்ளுமாம். அண்ணன் மிஷினோடு பாதி சமாதானம் ஆகிவிட்டார். கொசுவை அடித்துவிடுகிறார். மரத்தை மட்டும் அதை நம்பிக் கொடுப்பதில்லை.

என் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தட்டும் சத்தம் திரும்பவும் நாள் முழுக்கக் கேட்கிறது. காலையில் கடையைத் திறந்து விளக்கு போட்ட சற்று நேரத்தில், சில நாள் சாயங்காலம் டீ வேளையில், நேரம் காலம் இல்லாமல் அண்ணியின் குரல் வரும். "சாப்பிட வாங்க." நாற்காலியில் இருப்பவர்கள் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார்கள்.

"இந்த நேரத்துல என்னங்க சாப்பாடு?"

"அவங்க வீட்டு வழக்கம் அப்படி. தலைய ஆட்டாதீங்க" என்பேன்.

கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாதென்று அண்ணி ஒவ்வொரு தடவையும் எதையாவது தட்டில் வைத்துவிடுகிறார், ஒரு பன்னோ, வாழைப்பழமோ, காலையில் மிஞ்சிய சோறோ. அண்ணனுக்குத் தொப்பை விழுந்துவிட்டது. ஆனால் அந்தக் குரல் வந்த பிறகு இழைப்புளி ஒரு தடவைகூட ஓடி நான் கேட்டதில்லை. அது மேஜையில் படுக்கிற சத்தம் கேட்கும், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும், அப்புறம் அண்ணன் குரல் கேட்கும்.

"வந்துட்டேன்."